பொத்தானளவு வெளிச்சம்

பழவூரில் ஆடி பிறந்துவிட்டால்
கரும்பலகையில் எழுதுமுன்
சாக்பீஸ் தூளைக் கச்சான் காற்று
வாங்கிக்கொண்டு போய்விடும்.
எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு,
சாப்பாட்டு மணிக்குப் பிந்திய நேரம்.
ஜன்னல்களை எல்லாம் அடைக்கச் சொன்னேன்.

டிவி வந்த அட்டைப்பெட்டி, உரச் சாக்கு,
சொரிமுத்து அவன் மாமா லாரித் தார்ப்பாயைக்
கேட்காமலே தூக்கி வந்திருந்தான்.
இடுக்குகளில் காகிதம் ஒட்ட
சத்துணவில் மிஞ்சிய சோற்றைப் பிசைந்தோம்.
கிழக்கு ஜன்னலில் மட்டும்
சட்டைப் பொத்தான் அகலத்துக்கு
ஓர் ஓட்டை.

முதலில் ஒன்றும் இல்லை.
இருட்டு, முப்பத்தொரு பேர் வேர்வை,
நரி ஊளை ஒன்று,
கிள்ளு வாங்கிய யாரோ "டீச்சர், இவன பாருங்க."
கதவுக்கு வெளியே தலைமையாசிரியர்:
"உள்ள என்ன, பேயோட்டுதீங்களா?"
பொறுங்கள், கண் பழகட்டும் என்றேன்,
பாதி எனக்கே.

பிறகு மேற்குச் சுவர்
காரை உதிர்ந்த இடம் போக மீதியெல்லாம்
மெல்ல நீலம் பூண்டது.
அடியில் வானம்.
அதற்கு மேலே செம்மண்.
செம்மண்ணிலிருந்து பனைகள் வௌவாலாய்த் தொங்க
நடுவில் காற்றாலை,
கவிழ்ந்தபடி, நிற்காமல்,
மூன்று இறக்கையும் சுற்றிக்கொண்டு
எங்கள் சுவரில்.

மூச்சுச் சத்தம் கூட இல்லை.
சொரிமுத்து எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டான்.
அவன் புறங்கைமேல் இறக்கை ஏறி இறங்கியது.
"காத்து வரலியே டீச்சர்."

மனப்பாடம் இருந்ததைச் சொன்னேன்:
ஒளி நேர்கோட்டில் செல்லும்.
மேலிருப்பது கீழே, கீழிருப்பது மேலே,
இடம் வலமாகும், வலம் இடமாகும்.
படம் போட்டுப் பத்து மதிப்பெண்
வாங்கிய பதில்.

கடைசி பெஞ்சிலிருந்து ரெக்சிலின்:
"வெளிய அது மணிக்கூடு சுத்துத பக்கந்தான் சுத்தும் டீச்சர்.
எங்க வீட்டு வாசல்லருந்து தினமும் பாக்கேன்.
இங்க எதிர்ப் பக்கமால்லா சுத்துது?"

பார்த்தேன். ஆமாம்.
தலைகீழாய் மாட்டினாலும்
கடிகாரம் பின்னால் ஓடாதே.
"தெரியல" என்றேன்.
வகுப்பறையில் அந்தச் சொல்லை
நான் சொன்னது அன்றுதான்.
நல்லவேளை, மணி அடித்தது.

பணகுடிப் பேருந்தில்
விரலால் காற்றில் வட்டம் போட்டுக்கொண்டே போனேன்.
முகத்துக்கு முன்னால் ஒன்று,
கழுத்தைத் திருப்பி முதுகுப் பக்கம் ஒன்று.
பக்கத்தில் இருந்தவள்
கருவாட்டுப் பையோடு வேறு இருக்கைக்கு மாறினாள்.

மறுநாள் ஒரு மல்வேட்டியை
நனைத்துப் பிழிந்து
அறை நடுவே கொடியில் விரித்தோம்.
பதினைந்து பேர் ஜன்னல் பக்கம்,
பதினாறு பேர் சுவர்ப் பக்கம்.
எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது?
"இடம் பக்கம்!"
"ஏல, வலம் பக்கம்ல!"
"பொய் சொல்லுதான் டீச்சர்!"
துணியின் இருபுறமும் சண்டை.
எட்டி உதைத்ததில் கொடி ஒருமுறை அறுந்தது.

ரெக்சிலின் குனிந்து வேட்டிக்கு அடியில் புகுந்தாள்.
இந்தப் பக்கம் நின்றாள்.
அந்தப் பக்கம் போனாள்.
மூன்றாம் தடவை
பாதி உடம்பு இங்கே, பாதி அங்கே என்று
ஈரத் துணியைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு
சிரித்தாள்.
"காத்தாடி ஒரே மாதிரிதான் சுத்துது டீச்சர்.
நேத்து நாமதான் அதுக்கு
முதுவ காட்டிட்டு நின்னோம்."

பாடக்குறிப்பேட்டில்
'இடம் வலமாகும்' என்ற வரிக்குப் பக்கத்தில்
பென்சிலால் எழுதினேன்:
எங்கே நின்று பார்த்தால்?

நான்காம் நாள்
தார்ப்பாயைத் தேடிச் சொரிமுத்துவின் மாமா வந்தார்.
அவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினோம்.
கண் பழகும்வரை
கத்திக்கொண்டிருந்தார்.